எடை பார்த்து வாங்கிய கிராஃபிக்ஸ் கார்டு

இரும்பை நம்பிப் பிழைப்பவனுக்கு எடைதான் எல்லாம். சாத்தாங்காடு மார்க்கெட்டில் ஒரு பழைய இரும்பு யார்டில் நான் மேஸ்திரியாக இருந்தேன். தகடோ, பைப்போ, கழற்றிப் போட்ட மோட்டாரோ, இரண்டு கையாலும் ஒரு தடவை தூக்கி அசைத்துவிட்டு "நாற்பத்திரண்டு கிலோ" என்பேன். தராசு அதற்கப்புறம் அதையே சொல்லும். கால் கிலோ முன்னே பின்னே இருந்தால் அன்றைக்கு எனக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். கனமான சாமான் நல்ல சாமான், லேசான சாமான் டுபாக்கூர். இந்த ஒரே கணக்கை வைத்துக்கொண்டு பூட்டு, மிக்ஸி, மின்விசிறி என்று வீட்டுக்கு வேண்டிய அத்தனையும் வாங்கினேன். ஒன்றில்கூட ஏமாந்ததில்லை, கிராஃபிக்ஸ் கார்டு வாங்கப் போகும்வரை.

அப்போது இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருக்கும். எனக்குச் சித்திரையில்தான் கல்யாணமாகியிருந்தது. பெண் வியாசர்பாடி ஹவுசிங் போர்டு. "பொண்ணு கல்யாணப் பத்திரிகை அடிக்கிற பிரஸ்ல வேல பாக்குது" என்று தரகர் சொன்னார். பத்திரிகையை மடித்துக் கவரில் செருகும் வேலையாக இருக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். மேற்கொண்டு கேட்கத் தோன்றவில்லை. கல்யாணத்தோடு அவள் அந்த வேலையை விட்டுவிட்டாள், நானும் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

திருவொத்தியூரில் எங்களுக்கு இரண்டு அறை வீடு. முன்னறையில் அம்மாவும் டிவியும். உள்ளறையில் நாங்கள் இரண்டு பேரும், என் கம்ப்யூட்டரும். "சாப்டீங்களா?" என்பாள். "ம்" என்பேன். "தண்ணி வேணுமா?" என்பாள். "வேணாம்" என்பேன். முதல் ஒரு வாரம் இதை வைத்தே குடும்பம் நடத்தினோம். யார்டில் நாள் முழுக்கக் கத்தித் தொலைக்கிறவன் நான். பெண்டாட்டி முன்னால் வாய் ஒட்டிக்கொண்டது.

வேறு வழி தெரியாமல் ஒரு நாள் சாயங்காலம் அவளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். எனக்கு கேம் என்றால் உயிர். அங்கே இங்கே கிடைத்த பாகங்களைச் சேர்த்து நானே பூட்டிய மிஷின் அது. "இதுக்குப் பேரு மவுஸ். பயப்படாத, கடிக்காது. இப்படி மெதுவாப் புடி" என்று அவள் கையைப் பிடித்து நகர்த்திக் காட்டினேன். தலையைக் குனிந்துகொண்டு ரொம்பக் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். நல்ல மாணவி கிடைத்தாள் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்புறம் கார் ரேஸ் போட்டேன். திரையை இரண்டாகப் பிரித்து, ஒரே கீபோர்டில் இரண்டு பேர் ஓட்டலாம். இடது பக்கம் நான், வலது பக்கம் அவள். இரண்டே வாரத்தில் அவள் என் காரைப் பின்னாலிருந்து முட்டிப் பள்ளத்தில் தள்ளிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். "இன்னா இப்டி உருட்டிக்கினு போறீங்க, மாட்டு வண்டியா?" என்று கேட்டாள். அவ்வளவு நீளமான வாக்கியத்தை அவள் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. அதற்கப்புறம் சாயங்காலம் யார்டு கேட்டைப் பூட்டியதும் நான் எங்கேயும் நிற்பதில்லை. டீக்கடையில் என்னைக் காணோம் என்று தேடினார்கள்.

வினை, வைகாசி கழிந்து எண்ணூர்ப் பக்கத்திலிருந்து லாரியில் வந்தது. அங்கே மூடிப்போன ஒரு தொழிற்சாலையின் டிராயிங் ஆபீஸ் சாமான்கள் மொத்தமாக யார்டில் இறங்கின. பீரோ, மேசைகளுக்கு நடுவில் ஒரு மானிட்டர். இருபத்தோரு அங்குலம். மிஷின் படம் வரைகிறவர்கள் வைத்திருப்பது. தூக்கிப் பார்த்தேன், முப்பத்தொரு கிலோ. தராசும் முப்பத்தொன்று என்றது. அந்த எடையைக் கையில் வாங்கியவுடனே, இது நம் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று முடிவாகிவிட்டது. முதலாளியிடம் கேட்டு எடைக்கு எடை இரும்பு விலைக்கே எடுத்துக்கொண்டேன்.

யார்டில் எனக்கு ஒரு தோஸ்து உண்டு. தண்டையார்பேட்டைக்காரன், மீன்பாடி வண்டி ஓட்டுகிறவன். முன்னால் பலகைத் தட்டு, பின்னால் பழைய ஸ்கூட்டர் என்ஜின் வைத்த மூன்று சக்கர வண்டி அது. அதில்தான் மானிட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மேசையில் வைத்ததும் பலகை நடுவில் வளைந்தது. யார்டிலிருந்து ஒரு சேனல் இரும்பை அறுத்து வந்து அடியில் முட்டுக் கொடுத்தேன்.

அந்த மானிட்டர் குறுக்கே ஆயிரத்து அறுநூறு, நெடுக்கே ஆயிரத்து இருநூறு புள்ளி காட்டும். அந்த முழு அளவில்தான் வைப்பேன் என்று எனக்கு வீம்பு. அவ்வளவு பெரிய கண்ணாடியை வாங்கிவிட்டு அதில் சின்ன அளவில் படம் பார்ப்பதா? படம் என்னவோ பிரமாதமாக இருந்தது, காரின் நம்பர் பிளேட்டைக்கூடப் படிக்கலாம். ஆனால் என் மதர்போர்டோடு ஒட்டி வந்த சின்ன கிராஃபிக்ஸால் அத்தனை புள்ளிகளை இழுக்க முடியவில்லை. கார் நொண்டி நொண்டிப் போனது.

நாலாவது நாள் என் மனைவி நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் தைலம். அதற்கடுத்த நாள் "நீங்க ஆடுங்க, எனக்குத் தல வலிக்குது" என்று எழுந்து போனாள். இடையில் ஒரு நாள் நான் வீட்டுக்கு வந்தபோது திரையில் எழுத்தெல்லாம் பெரிது பெரிதாகத் தெரிந்தது. "ஐயோ, வைரஸ் பூந்துட்ச்சி!" என்று கத்திக்கொண்டே பழைய அளவுக்குத் திருப்பினேன். அன்றிலிருந்து சாயங்காலமானால் முன்னறையில் அம்மாவோடு உட்கார்ந்து அவரைக்காய் நறுக்க ஆரம்பித்தாள். "சாப்டீங்களா", "ம்" எல்லாம் திரும்பி வந்தன. எனக்கு அது பொறுக்கவே இல்லை. பக்கத்து அறையில் இருக்கிற பெண்டாட்டியை நினைத்து ஏங்கியவன் ஊரிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

அதற்குள் ஆடி வந்துவிட்டது. புதுப்பெண்ணை ஆடி மாதம் அம்மா வீட்டுக்கு அழைத்துப் போகிற வழக்கப்படி அவள் வீட்டிலிருந்து வந்து அழைத்துக்கொண்டு போனார்கள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள். "நான் வர்றதுக்குள்ள அந்தப் பொட்டிய சரி பண்ணி வைங்க. இல்லாங்காட்டி அந்தப் பொட்டியயே கட்டிக்கினு குடும்பம் நடத்துங்க. நான் எங்கம்மா வூட்லயே இருந்துக்கறேன்" என்றாள். அது விளையாட்டா, நிஜமா? சிரித்துக்கொண்டு சொன்னாள், ஆனால் கண் சிரிக்கவில்லை. ஒரு வாரம் முழுக்க நான் தகட்டின் எடையைத் தப்புத் தப்பாகச் சொன்னேன்.

கடைசியில் நானே நோயைக் கண்டுபிடித்தேன். கார் நொண்டுகிறது, அதனால்தான் அவளுக்குத் தலைவலி. நல்ல கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று போட்டால் கார் நொண்டாது, தலை வலிக்காது, அவள் வந்து பக்கத்தில் உட்காருவாள். அம்மாவிடம் சொன்னேன்.

"ஆடியில புதுசா ஒண்ணும் வாங்கக் கூடாது நைனா."

"பழசு வாங்கலாமா?"

அம்மா அரிவாள்மனையில் நறுக்குவதை நிறுத்தினாள். "பழசுக்கு இன்னா? அது யாரோ எப்பவோ வாங்கனதுதானே."

அரை நாள் லீவு போட்டுவிட்டுத் தோஸ்தோடு ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். மாடியில் ஒரு கடை. பழைய கார்டுகள் இருக்கிறதா என்று கேட்டதும் கடைக்காரர் மூன்று கார்டை எடுத்து வைத்தார். எந்த சிப், எவ்வளவு மெமரி என்று சொல்லிக்கொண்டே போனார். நாங்கள் இரண்டு பேரும் அதைக் காதில் வாங்கவில்லை. உள்ளங்கையில் வைத்து அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்று நூற்றிருபது கிராம், ஒன்று நூற்றறுபது. மூன்றாவதில் அலுமினியக் கட்டியும் விசிறியும் வைத்து முந்நூறு கிராமுக்குக் குறையாமல் இருந்தது.

"மாமு, இத்தப் புடி. கல்லு கணக்கா கீது" என்றான் தோஸ்து.

"சார், உங்க மானிட்டர் என்ன சைஸு?" என்று கேட்டார் கடைக்காரர்.

"பெருசு" என்றேன். அதற்கு மேல் அதில் என்ன இருக்கிறது?

"கார்டை எடை போட்டு வாங்குற கஸ்டமரை இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றார் அவர். பாராட்டுகிறார் என்று நினைத்து இரண்டு பேரும் சிரித்தோம்.

வீட்டில் மாட்டியவுடன் விசிறி போட்ட சத்தத்தில் அம்மா முன்னறையிலிருந்து "மிக்ஸியில இன்னாடா அரைக்கிற?" என்று கேட்டாள். ஆனால் கார் நொண்டவில்லை, வழுக்கிக்கொண்டு போனது. ஜெயித்துவிட்டோம் என்று தனியாக உட்கார்ந்து மூன்று ரேஸ் ஓட்டினேன். நாலாவது ரேஸில் எனக்கே நெற்றி விண் விண்ணென்று தெறித்தது. யோசித்துப் பார்த்தால் ஒரு மாதமாகவே எனக்கும் வலித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. யார்டு வெயில் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

மறுநாள் யார்டு போனிலிருந்து, அவர்கள் பிளாக்குக்குக் கீழே இருக்கும் மளிகைக் கடைக்குப் போன் போட்டு அவளைக் கூப்பிடச் சொன்னேன். மூன்று மாடி இறங்கி மூச்சு வாங்க வந்தாள்.

"கார்டு மாத்திட்டேன்" என்றேன்.

"ஓடுதா?"

"பறக்குது. ஆனா தல வலிக்குது."

அப்புறம் கேட்டாள்: "ரெஃப்ரெஷ் ரேட்டு எவ்ளோல கீது? அறுவதா, எம்பத்தஞ்சா?"

நான் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்தேன். "இன்னா அது?"

"ஒரு செகண்டுக்கு எத்தினி வாட்டி படத்த அழிச்சி அழிச்சி வரையுதுன்னு. அறுவதுல இருந்தா ஆடிக்கினே இருக்கும், கண்ணு பூடும். எங்க பிரஸ்ல காலைல மிஷின் போட்டதும் மொதல்ல எம்பத்தஞ்சு கீதான்னுதான் பாப்போம். உங்க பழைய கார்டு அந்த பெரிய அளவுல அறுவதுக்கு மேல ஏறவே ஏறாது. நான் பாத்துட்டேன். அதான் ஒரு நா அளவ கொறச்சி எம்பத்தஞ்சு வெச்சேன். நீங்க வைரஸ்னு கத்துனீங்க."

"பிரஸ்ல நீ கம்ப்யூட்டர்லயா...?"

"மூணு வருசம். பத்திரிகை டிசைன் பூரா நான்தான்."

மவுஸைப் பிடித்து நகர்த்திக் காட்டியது ஞாபகம் வந்தது. "பயப்படாத, கடிக்காது" என்று நான் சொன்னதும் ஞாபகம் வந்தது. யார்டில் அத்தனை இரும்புக்கு நடுவில் நிற்கிறேன், ஒளிந்துகொள்ள ஒரு டிரம் கிடைக்காதா என்று தேடினேன்.

"ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல. ஆசையா சொல்லிக் குடுத்துக்கினு இருந்தீங்க, கெடுப்பானேன்னு வுட்டுட்டேன்." அவள் சிரித்தது போனில் கேட்டது. அப்புறம் சிரிப்பு நின்றது. "ஆனா ஒரு தபா கேப்பீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

மானிட்டருக்குப் பின்னால் என்ன போட்டிருக்கிறது, கார்டு எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்துச் சொல்லச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். வீட்டுக்குப் போய் மானிட்டரின் முதுகில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்து மறுநாள் போனில் ஒப்பித்தேன். முழு அளவில் எண்பத்தைந்து வரை தாங்கும் என்று போட்டிருந்தது. கனமான கார்டோ, செட்டிங்கில் பார்த்தால், அதே அளவில் அறுபதுதான். "மானிட்டர் நல்ல மானிட்டர். அதுக்கு ஏத்த கார்டு அது இல்ல" என்று தீர்ப்புச் சொன்னாள். "சனிக்கெயம மத்தியானம் அந்தக் கடைக்கு வர்றேன். மானிட்டர எடுத்துக்கினு வாங்க."

"மானிட்டரையா? முப்பத்தொரு கிலோ!"

"அவுங்க கடையில பதினஞ்சு இஞ்சுதான் வெச்சிருப்பாங்க, அதுல எல்லா கார்டும் சோக்காத்தான் தெரியும். நம்ம மானிட்டர்ல மாட்டிப் பாக்கணும். ஒரு பத்திரிகைய ப்ரூஃப் பாக்காம மிஷின்ல ஏத்துவாங்களா?"

"ஆடியாச்சே, உங்கம்மா வுடுவாங்களா?"

"புருசன் வூட்டுக்குத்தான் போகக் கூடாது. கடைக்குப் போனா இன்னா?"

சனிக்கிழமை மானிட்டரை வெள்ளைப் போர்வையில் சுற்றி மீன்பாடி வண்டியில் நிற்க வைத்தோம். சி.பி.யூவை நான் மடியில் வைத்துக்கொண்டேன். வழியெல்லாம் ஆடிக் கூழ், மைக் செட்டு, வேப்பிலைத் தோரணம். போர்வையைப் பார்த்துவிட்டு எல்லோரும் ஏதோ கோயிலுக்குச் சிலை போகிறது என்று நினைத்துவிட்டார்கள். ராயபுரத்தில் ஒரு அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள். ஒரு பந்தலில் வண்டியை நிறுத்தி ஆளுக்கு ஒரு சொம்பு கூழ் கொடுத்தார்கள். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று நான் வாயைத் திறந்தேன். "மாமு, கூழு சோக்கா கீது, கம்முனு குடி" என்றான் தோஸ்து. குடித்தோம்.

கடை வாசலில் அவள் கைப்பையோடு நின்றுகொண்டிருந்தாள். பதினெட்டு நாள் கழித்துப் பார்க்கிறேன். என்ன பேசுவது என்று தெரியாமல் மானிட்டரை ஒரே ஆளாகத் தூக்கி மாடியேறிவிட்டேன். கடைக்காரர் என்னைக் கண்டதும் "வாங்க, இன்னைக்கு எத்தனை கிலோ வேணும்?" என்றார்.

"ஆயிரத்து அறுநூறு அளவுல எம்பத்தஞ்சு ஹெர்ட்ஸ் தர்ற கார்டு வேணும்" என்றாள் என் மனைவி. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதற்கப்புறம் "மேடம், மேடம்" என்று அவளிடம் மட்டுமே பேசினார். நான் போர்வையை மடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன்.

முதலில் மாட்டிய கார்டு எழுபத்தைந்தோடு நின்றுவிட்டது. இரண்டாவது கார்டு என் கையில் நூறு கிராம்கூட இல்லை. இதையா, என்று எனக்குக் கை கூசியது. அவள் மாட்டச் சொன்னாள். கீபோர்டில் அவள் விரல் போன வேகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். முதலில் வேண்டுமென்றே அறுபதில் வைத்தாள். "நேரா பாத்தா தெரியாது. மூஞ்சிய செவுத்துப் பக்கம் திருப்பிக்கினு ஓரக்கண்ணால பாருங்க" என்றாள். அப்படிப் பார்த்தேன். திரை மொத்தமும் படபடவென்று துடித்துக்கொண்டிருந்தது. இதன் முன்னால்தான் அவளை ஒரு வாரம் உட்கார வைத்திருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

எண்பத்தைந்துக்கு மாற்றினாள். திரை அசையாமல் நின்றது. கையோடு கொண்டுபோயிருந்த சிடியைப் போட்டு ரேஸ் ஒன்றை அவளே ஓட்டினாள். கார் எங்கேயும் நொண்டவில்லை. கடைக்கு வந்தவர்களெல்லாம் பின்னால் நின்று பார்த்தார்கள். முதலாவதாக வந்துவிட்டு "இதான் நம்ம கார்டு" என்றாள். கனமான கார்டை வாங்கிக்கொண்டு, நான் மேலே போட்டுக் கொடுத்த பணத்தையும் எடுத்துக்கொண்டு, கடைக்காரர் இதைக் கொடுத்தார். புதிதாக வாங்கவில்லை, மாற்றினோம் என்று அம்மாவிடம் சொல்லிக்கொள்ளலாம்.

திரும்பும்போது வண்டித் தட்டில் மானிட்டருக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். இரண்டு பேரும் ஆளுக்கொரு கையால் அதைப் பிடித்துக்கொண்டோம். அவளை வியாசர்பாடியில் இறக்கிவிட்டுவிட்டு நாங்கள் வீட்டுக்குப் போவதாகத் திட்டம். ஆடி முடிய இன்னும் நாள் இருந்தது. வீட்டுக்கு வந்துவிடு என்று சொல்லத்தான் ஆசை, வாய் வரவில்லை. வால்டாக்ஸ் ரோட்டில் வண்டி திரும்பும்போது வேறு ஒன்றைக் கேட்டேன்.

"பிரஸ்ல நீ இன்னா மாதிரியெல்லாம் டிசைன் பண்ணுவ?"

என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள். ஓரத்தில் வாழைமரம் வைப்பது, பிள்ளையாரை எந்த மூலையில் நிறுத்துவது, தாய்மாமன் பெயர் விட்டுப்போய் ஆயிரம் பத்திரிகையைத் திரும்ப அடித்தது, சொந்தக்காரர்கள் பெயர் வரிசைக்காக இரண்டு குடும்பங்கள் கடையிலேயே அடித்துக்கொண்டது, எங்கள் கல்யாணப் பத்திரிகையையே அவள்தான் வடிவமைத்தாள் என்பது, அதில் என் பெயரை நாலு எழுத்துருவில் போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. ஸ்கூட்டர் என்ஜின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திச் சொன்னாள். நான் மானிட்டரின் மேல் தலையை நீட்டிக் கேட்டுக்கொண்டே வந்தேன்.

மூலக்கொத்தளத்தில் தோஸ்து வண்டியை ஓரங்கட்டினான். "தங்கச்சி, இப்டி போனா வியாசர்பாடி, அப்டி போனா திருவொத்தியூரு. எங்க வுடணும்?"

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நான் இன்னும் சொல்லி முடிக்கலண்ணே. திருவொத்தியூருக்கே வுடுங்க" என்றாள்.

வண்டி கிளம்பியது. "அப்பால இன்னா ஆச்சு?" என்று கேட்டேன்.